அகச்சுரப்பி நோய்களும் தொலைமருத்துவமும்

தைராய்டு, கணையம், அட்ரீனல், பிட்யூட்டரி முதலிய சுரப்பிகள் நாளங்களின் துணையின்றி நேரடியாக இரத்தத்தில் ஹார்மோன்களைக் கலக்கின்றன. இந்த ஹார்மோன்கள் கூடுவதாலோ குறைவதாலோ தோன்றும் நோய்கள் அகச்சுரப்பி நோய்கள் எனப்படும். இவற்றுள் மிகப் பரவலானது சர்க்கரை நோய். அடுத்து வருபவை தைராய்டு நோய்கள். நோயாளியும் மருத்துவரும் வெவ்வேறு இடங்களில் இருக்க, அஞ்சல், தொலைபேசி, காணொளி, இணையம் ஆகியவற்றின் வழியே நடைபெறும் மருத்துவம் தொலைமருத்துவம் ஆகும்.

இவ்விரண்டும் 2020-ஆம் ஆண்டின் கொரோனா ஊரடங்கில்தான் சந்தித்தன என்று பலர் நினைக்கின்றனர். இந்தச் சந்திப்பு அதைவிட அரை நூற்றாண்டு பழையது. அது தொடங்கியதும் காணொளித் திரையில் அன்று, அஞ்சல் உறையில்.

எண்ணைக் கொண்டு நடக்கும் மருத்துவம்

மருத்துவத்தின் எல்லாப் பிரிவுகளும் தொலைவிலிருந்து செய்ய ஏற்றவை அல்ல. எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட ஒரு கை வேண்டும். வயிற்று வலிக்காரரின் வயிற்றை அழுத்திப் பார்க்க வேண்டும். அகச்சுரப்பி நோய்களில் மட்டும் நிலைமை சற்று மாறுபட்டது. நோய் இன்னதென்று ஒருமுறை உறுதியான பிறகு, பெரும்பாலான முடிவுகள் ஆய்வகம் தரும் ஓர் எண்ணைப் பார்த்தே எடுக்கப்படுகின்றன.

தைராய்டு குறைபாட்டை எடுத்துக்கொள்ளலாம். இதற்குரிய மருந்து லெவோதைராக்சின். இதன் அரை ஆயுள் ஏறத்தாழ ஒரு வாரம். ஆகவே மாத்திரையின் அளவை இன்று மாற்றினால், அதன் முழு விளைவும் இரத்தத்தில் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். அதன் பிறகு டி.எஸ்.எச். என்னும் பரிசோதனை செய்யப்படுகிறது. மருத்துவர் அந்த எண்ணைப் பார்த்து, 50 மைக்ரோகிராமை 75 ஆக்குகிறார். அல்லது இருப்பதையே தொடரச் சொல்கிறார். இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்துக்காகக் கிராமத்து நோயாளி விடியற்காலையில் பேருந்து ஏறி, ஒரு நாள் கூலியை இழந்து, மாலையில் வீடு திரும்புகிறார். வாழ்நாள் முழுவதும் இது தொடர வேண்டும். சில ஆண்டுகளில் பலர் அலைச்சலுக்கு அஞ்சி, பழைய சீட்டையே மருந்துக் கடையில் காட்டி வாங்கத் தொடங்கிவிடுகின்றனர். பல ஆண்டுகள் அளவு பார்க்கப்படாமலே மாத்திரை விழுங்கும் நோயாளிகள் நம் ஊர்களில் அரியவர்கள் அல்லர்.

இன்னொரு காரணமும் உண்டு. அகச்சுரப்பியியல் சிறப்பு மருத்துவர்கள் எந்த நாட்டிலும் குறைவு. இருப்பவர்களும் பெருநகரங்களிலேயே உள்ளனர். நோயாளிகளோ எங்கும் இருக்கிறார்கள். அகச்சுரப்பி நோய்களில் தொலைமருத்துவம் வளர்ந்தது பெரும்பாலும் இந்தத் தூரத்தைக் கடக்கத்தான்.

1905

ஹார்மோன் என்ற சொல்லும், உடலின் அளவீடு ஒன்றைக் கம்பி வழியே அனுப்பும் முயற்சியும் ஒரே ஆண்டில் பிறந்தவை என்பது சுவையான தற்செயல். 1905-ஆம் ஆண்டு இலண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் ஆற்றிய சொற்பொழிவில் 'ஹார்மோன்' என்ற சொல்லை முதன்முதலில் பயன்படுத்தினார். அதே ஆண்டு நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன், மருத்துவமனையில் இருந்த நோயாளியின் இதய மின்துடிப்பை ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் தொலைவிலுள்ள தம் ஆய்வகத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியே கொண்டு வந்தார். அவருடைய கருவி மிகப் பெரியது. மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல முடியாது. நோயாளியை ஆய்வகத்துக்குக் கொண்டு வருவதும் எளிதன்று. ஆகவே துடிப்பை மட்டும் வரவழைத்தார்.

இதயம் மின்துடிப்பைத் தருகிறது. அதனால் கம்பியில் ஏற முடிந்தது. ஹார்மோனுக்கு அத்தகைய வசதி இல்லை. அதை அறிய இரத்தமோ சிறுநீரோ வேண்டும். இரத்தத்தைக் கம்பியில் அனுப்ப இயலாது. இந்தத் தடையைக் கடப்பதற்கு இரண்டு வழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. ஒன்று, நோயாளியே தம் வீட்டில் அளந்து எண்ணை மட்டும் சொல்வது. மற்றொன்று, ஒரு சொட்டு இரத்தத்தை உலர்த்தி அஞ்சலில் அனுப்புவது.

நீலத்திலிருந்து செங்கல் நிறம் வரை

1922 சனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் இன்சுலின் முதன்முதலில் மனிதருக்குச் செலுத்தப்பட்டது. அதுவரை சாவுக்குக் காத்திருந்த சிறுவர்களும் இளைஞர்களும் பிழைத்தனர். ஆனால் பிழைத்தவர்கள் நாள்தோறும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அளவு கூடினால் சர்க்கரை சரிந்து மயக்கம், குறைந்தால் நோய் திரும்பும். ஒவ்வொரு நாளும் மருத்துவமனைக்கு வருவது இயலாத காரியம். ஆகவே அளவிடும் வேலை நோயாளியின் வீட்டுக்குச் சென்றது. பாஸ்டன் நகர மருத்துவர் எலியட் ஜோஸ்லின் நோயாளிகளுக்கே பாடம் நடத்தி, அவர்களையே தம் நோயின் கண்காணிப்பாளர்களாக ஆக்கினார்.

வீட்டில் பயன்பட்டது பெனடிக்ட் கரைசல். மேனிலைப் பள்ளி ஆய்வகத்தில் மாணவர்கள் செய்யும் அதே சோதனைதான். சிறுநீரைக் கரைசலுடன் சேர்த்துச் சூடாக்கினால், சர்க்கரை இல்லையெனில் நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறி, மிகுந்திருந்தால் செங்கல் நிறம் பெறும். இந்த நிறத்தைக் குறிப்பேட்டில் எழுதி, கடிதத்திலோ தொலைபேசியிலோ சொல்லலாம். ஆனால் சிறுநீரில் தெரிவது சில மணி நேரத்துக்கு முந்தைய கதை. சர்க்கரை தாழ்ந்திருப்பதை அது காட்டவே காட்டாது.

இரத்தச் சர்க்கரையை விரல் நுனிச் சொட்டில் அளக்கும் மின்கருவி 1970-ஐ ஒட்டி வந்தது. ஏம்ஸ் நிறுவனத்தின் அந்தக் கருவி ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. விலை ஏறத்தாழ 500 டாலர். மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்குமே அது விற்கப்பட்டது. ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற பொறியாளர் சிறு வயது முதல் சர்க்கரை நோயாளி. அவரால் அதை வாங்க முடியவில்லை. அவருடைய மனைவி மருத்துவர். மனைவியின் பெயரில் ஒன்றை வாங்கினார். ஒரு நாளில் பலமுறை அளந்து, எந்த உணவு எவ்வளவு ஏற்றுகிறது என்று கணக்கிட்டார். மருத்துவ இதழ்கள் அவருடைய கட்டுரைகளை ஏற்காததால், நாற்பது வயதுக்கு மேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவரானார். நோயாளியின் கையில் அளவுகோல் போவதை மருத்துவ உலகம் அன்று அவ்வளவு எளிதில் விரும்பவில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

அஞ்சலில் வந்த இரத்தத் துளி

இரண்டாவது வழி கனடாவின் கியூபெக் மாநிலத்தில் திறந்தது. தைராய்டு இல்லாமலோ, போதிய அளவு சுரக்காமலோ சில குழந்தைகள் பிறக்கின்றன. மூவாயிரம் அல்லது நாலாயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்பது மேலை நாடுகளின் கணக்கு. கருவில் இருக்கும்போது தாயின் ஹார்மோன் ஓரளவு கிடைப்பதால், பிறந்தவுடன் இக்குழந்தைகள் பெரும்பாலும் மற்றக் குழந்தைகளைப் போலவே தோன்றுகின்றன. அதிகம் அழாத 'சமர்த்துப் பிள்ளை' என்றே வீட்டார் மகிழக்கூடும். வீங்கிய முகம், தடித்த நாக்கு, மலச்சிக்கல் எல்லாம் தெரிய வாரங்களோ மாதங்களோ ஆகும். அதற்குள் மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டுவிடும். பின்னர் மாத்திரை கொடுத்தாலும் இழந்த அறிவுத்திறன் திரும்பாது. பிறந்த முதல் இரண்டு வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால் குழந்தை இயல்பாக வளரும். மருந்தோ மிக மலிவானது.

ஆகவே சிக்கல் மருந்தில் இல்லை, நேரத்தில் இருந்தது. கியூபெக்கில் வேறொரு பிறவி நோய்க்காகப் பிறந்த குழந்தைகளின் குதிகாலில் குத்தி, வடிதாளில் இரத்தத் துளியை உலர்த்தி, மைய ஆய்வகத்துக்கு அனுப்பும் முறை ஏற்கெனவே இருந்தது. வடிதாள் முறையைப் புகழ்பெறச் செய்தவர் அமெரிக்கரான ராபர்ட் கத்ரி. ழான் துசோ என்ற கியூபெக் மருத்துவர், அதே உலர்ந்த துளியிலிருந்து தைராய்டு ஹார்மோனையும் அளக்க முடியும் என்று 1970-களின் தொடக்கத்தில் காட்டினார். 1974 முதல் அம்மாநிலத்தில் இது வழக்கமாயிற்று. தொலைவிலுள்ள சிற்றூரில் பிறந்த குழந்தையின் துளி அஞ்சலில் நகரம் சேரும். அளவு தவறாக இருந்தால் உள்ளூர் மருத்துவருக்குத் தொலைபேசி அழைப்பு போகும். நகரத்துச் சிறப்பு மருத்துவர் குழந்தையைப் பார்ப்பதற்கு முன்பே நோய் பிடிபட்டுவிடும்.

தொலைமருத்துவ வரலாறு எழுதுவோர் இந்த அஞ்சல் அட்டையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதில் கேமராவும் இல்லை, திரையும் இல்லை. ஆனால் அகச்சுரப்பி நோய்களில் தூரத்தை வென்றவற்றுள் இதைவிடப் பெரிய பயன் தந்தது வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. இந்தியாவில் இந்நோய் மேலை நாடுகளைவிடக் கூடுதல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பல நகரங்களில் நடத்திய ஆய்வில் 1,130 பிறப்புகளுக்கு ஒன்று என்று கண்டறியப்பட்டது. இருந்தும், நாடு முழுவதும் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இச்சோதனையைச் செய்யும் ஏற்பாடு இன்னும் அமையவில்லை.

தொலைபேசியின் பங்கு

1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 29 மையங்களில் முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் 1,441 பேரைக் கொண்டு ஒரு பெரிய சோதனை நடந்தது. டி.சி.சி.டி. என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுவது இது. ஒரு பிரிவினர் அன்றைய வழக்கப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்த்தனர். மற்றப் பிரிவினர் நாளுக்கு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஊசிகளோ இன்சுலின் பம்போ பயன்படுத்தி, நான்கு முறையாவது இரத்தச் சர்க்கரை அளந்து, மாதந்தோறும் மையத்துக்கு வந்தனர். மாத வருகைகளுக்கு இடையே தொலைபேசியில் அடிக்கடி பேசி அளவுகளைச் சரிசெய்துகொண்டனர்.

முடிவு எல்லோரையும் வியக்க வைத்தது. கடுமையாகக் கட்டுப்படுத்திய பிரிவில், முன்பு கண் பாதிப்பு இல்லாதவர்களுக்கு விழித்திரை நோய் வரும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது. சிறுநீரகமும் நரம்புகளும் காக்கப்பட்டன. அதே வேளையில், சர்க்கரை மிகத் தாழ்ந்து பிறர் உதவி தேவைப்படும் நிலை மூன்று மடங்கு கூடியது.

இச்சோதனை தொலைபேசியின் பயனை அறிய நடத்தப்பட்டதன்று. எனினும் அதன் உள்ளுறைச் செய்தி தெளிவானது: நல்ல கட்டுப்பாட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது போதாது, வாரந்தோறும் யாரோ ஒருவர் எண்ணைக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். சோதனைக் காலத்தில் அதற்குத் தனிச் செவிலியர்களும் பணமும் இருந்தன. சோதனை முடிந்த பிறகு ஊரில் உள்ள சாதாரண நோயாளிக்கு யார் அழைப்பார்கள்? தொண்ணூறுகளிலிருந்து இன்றுவரை நடந்த முயற்சிகள் பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு விடை தேடியவையே.

அமெரிக்க அரசின் பணத்தில் 2000-இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய ஐடியாடெல் திட்டம் அவற்றுள் பெரியது. மருத்துவ வசதி குறைந்த பகுதிகளில் வாழ்ந்த வயதான சர்க்கரை நோயாளிகள் 1,665 பேர் இதில் சேர்ந்தனர். அவர்களுள் பாதிப்பேரின் வீட்டில் கேமராவும் சர்க்கரை மானியும் இரத்த அழுத்தமானியும் இணைந்த கணினி ஒன்று தொலைபேசிக் கம்பியில் பொருத்தப்பட்டது. செவிலியர் திரையில் தோன்றிப் பேசினர். கணினியை முன்பின் தொட்டிராத முதியோரும் பழகிக்கொண்டனர். சர்க்கரைக் கட்டுப்பாடு மற்றப் பிரிவைவிட மேம்பட்டது, ஆனால் சிறிதளவே. செலவோ ஒருவருக்கு ஆண்டுக்கு 8,000 டாலருக்கும் மேல். மருத்துவமனைச் செலவு அதற்கு ஈடாகக் குறையவும் இல்லை. தொலைமருத்துவம் என்றாலே சிக்கனம் என்று நம்பியவர்களுக்கு இது ஓர் அதிர்ச்சி. பிற்காலத்தில் கைப்பேசி வந்து கருவிச் செலவைக் குறைத்தது. செவிலியரின் நேரத்துக்கான செலவு மட்டும் குறையவில்லை.

லக்னோவும் கட்டாக்கும்

இந்தியத் தொலைமருத்துவத்தின் தொடக்கமாகப் பலரும் சொல்வது ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமத்தை. அப்பல்லோ மருத்துவமனை அங்கு அமைத்த மையம் 2000 மார்ச்சில் அன்றைய அமெரிக்க அதிபர் பில் கிளிண்டனால் தொடங்கி வைக்கப்பட்டது. பின்னர் இஸ்ரோ தன் செயற்கைக்கோள்களின் வழியே பல மருத்துவமனைகளை இணைத்தது.

அதே காலத்தில் லக்னோவின் சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ அறிவியல் கழகத்திலும் ஒரு முயற்சி வளர்ந்தது. அதை முன்னின்று நடத்திய எஸ்.கே. மிஸ்ரா இதய மருத்துவரோ கதிரியக்க மருத்துவரோ அல்லர். அகச்சுரப்பி அறுவை மருத்துவர். இது தற்செயலாக இருக்கலாம், ஆனால் பொருத்தமானது. இமயமலை அடிவாரம் முன்கழுத்துக் கழலைக்குப் பெயர்போன பகுதி. 1950-களில் வி. இராமலிங்கசுவாமி குழுவினர் காங்ரா பள்ளத்தாக்கில் நடத்திய ஆய்வே அயோடின் உப்புக்கு வழி வகுத்தது. இத்தகைய நிலத்தில் தைராய்டு அறுவை செய்துகொண்டவர் வாழ்நாள் முழுவதும் மாத்திரை எடுக்க வேண்டும். புற்றுநோய் என்றால் தொடர் சோதனைகளும் வேண்டும். ஒவ்வொரு முறையும் பல நூறு கிலோமீட்டர் வரச் சொல்வது எப்படி?

லக்னோ கழகம் ஒடிசாவின் மருத்துவக் கல்லூரிகளோடு காணொளியில் இணைக்கப்பட்டது. கட்டாக்கின் எஸ்.சி.பி. மருத்துவக் கல்லூரியுடன் ஏற்பட்ட தொடர்பு நோயாளிகளைப் பார்ப்பதோடு நிற்கவில்லை. அகச்சுரப்பி அறுவைக்குத் தனித்துறை இல்லாத அக்கல்லூரியின் மருத்துவர்களுக்கு லக்னோ ஆசிரியர்கள் பாடம் நடத்தினர்; கடினமான நோயாளிகளைப் பற்றி இருதரப்பும் கலந்து பேசின. நோயாளியைத் தலைநகருக்கு இழுப்பதற்குப் பதிலாக, அறிவை ஊருக்கு அனுப்பும் வழி இது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் இந்திய வம்சாவளி மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003-இல் கல்லீரல் நோய்க்காகத் தொடங்கிய 'எக்கோ' திட்டமும் இதே கருத்தைக் கொண்டதுதான். அங்குச் சர்க்கரை நோய்க்கும் பிற அகச்சுரப்பி நோய்களுக்கும் என 'எண்டோ எக்கோ' பின்னர் உருவாயிற்று.

சூணாம்பேடு

தமிழ்நாட்டின் பங்களிப்பு, செய்யூர் வட்டத்தைச் சேர்ந்த சூணாம்பேட்டில் நடந்தது. அப்போது அது காஞ்சிபுரம் மாவட்டம், இப்போது செங்கல்பட்டு. சென்னையிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். தூரம் அதிகமில்லை என்று தோன்றலாம். ஆனால் நூறு நாள் வேலைக்கும் வயலுக்கும் போகிறவருக்கு, வலியே இல்லாத ஒரு நோய்க்காகச் சென்னைக்குப் போய்வருவது பெருந்தூரம்.

வி. மோகன் தலைமையிலான சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, உலக நீரிழிவு அறக்கட்டளையின் நிதியுதவியுடன் 2006-ஐ ஒட்டி இத்திட்டத்தைத் தொடங்கியது. செயற்கைக்கோள் தொடர்பை இஸ்ரோ அளித்தது. 42 கிராமங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. அவற்றில் 20 வயதுக்கு மேற்பட்டோர் 27,014 பேர். அவர்களுள் 23,380 பேர் பரிசோதிக்கப்பட்டனர். அதாவது 86.5 விழுக்காடு. வீட்டுக்கு வீடு சென்று அழைக்க அந்தந்த ஊராரே பயிற்சி பெற்றிருந்தனர். இத்தனை பேர் வந்ததில் அவர்களின் பங்கு கணிசமானது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அடுத்த கட்டச் சோதனைகள் ஒரு வண்டியில் நடந்தன. விழித்திரையைப் படம் பிடிக்கும் கேமரா, இதய மின்பதிவுக் கருவி, கால் இரத்த ஓட்டத்தை அறியும் டாப்ளர், கால் உணர்ச்சியை அதிர்வால் சோதிக்கும் கருவி ஆகியவை அதில் இருந்தன. வண்டியின் மேல் ஓர் அலைவாங்கித் தட்டு. ஊரின் மரத்தடியில் நின்ற வண்டியிலிருந்து படங்கள் செயற்கைக்கோள் வழியே சென்னைக்குச் சென்றன. அங்கு மருத்துவர்கள் பார்த்துக் கருத்துச் சொன்னார்கள். விழித்திரைப் பாதிப்பு முற்றும் வரை பார்வையில் எந்த மாற்றமும் தெரியாது என்பதால், இந்தப் படங்கள் மிக முக்கியமானவை.

சூணாம்பேட்டிலேயே ஒரு சிகிச்சை மையமும் அமைக்கப்பட்டது. ஓராண்டில் நோயாளிகளின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி அளவு 9.3-லிருந்து 8.5-ஆகக் குறைந்தது. சென்னைக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் ஐந்து விழுக்காட்டினருக்கும் குறைவு. 8.5 என்பதும் கூடுதல்தான். பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு 7. ஆயினும் நோய் இருப்பதையே அறியாதிருந்த ஊரில் இது சிறிய மாற்றமன்று. மேலும் இங்கு வென்றது செயற்கைக்கோள் மட்டும் அன்று. வண்டி, ஊர்ப் பணியாளர், மருந்து கிடைக்கும் ஒரு மையம் என்ற மூன்றும் சேர்ந்தே இது நடந்தது. பிற்காலத்தில் வெறும் செயலிகளை மட்டும் நம்பித் தொடங்கிய முயற்சிகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

காத்திருக்க மறுத்தவர்கள்

தோலுக்கடியில் வைத்த உணரி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரையை அளக்கும் கருவிகள் 1999 முதல் வரத் தொடங்கின. தொடக்கத்தில் பதிவை மருத்துவர் மட்டுமே பிறகு பார்க்க முடிந்தது. பின்னர் நோயாளியின் இடுப்பிலுள்ள சிறு கருவியில் எண் தெரிந்தது. ஆனால் சில மீட்டர் தள்ளியிருப்பவருக்குத் தெரியாது. பள்ளிக்குச் செல்லும் சிறு குழந்தையின் பெற்றோருக்கு அந்தச் சில மீட்டரே பெருந்துயரம்.

நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் காஸ்டிக் என்ற மென்பொருள் பொறியாளரின் நான்கு வயது மகனுக்கு 2012-இல் முதல் வகைச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்டது. மறு ஆண்டு அவர் கருவியிலிருந்து எண்களை ஒரு கைப்பேசி வழியாக இணையத்துக்கு ஏற்றும் நிரலை எழுதினார். அலுவலகத்தில் இருந்தபடியே மகனின் சர்க்கரையைப் பார்த்தார். இதை அவர் டிவிட்டரில் சொன்னதும் பிற பெற்றோர் நிரலைக் கேட்டனர். லேன் டெஸ்பரோ முதலியோரின் உழைப்பும் சேர்ந்து 'நைட்ஸ்கவுட்' என்ற கட்டற்ற மென்பொருளாக அது பரவியது. நிறுவனங்கள் தரும்வரை நாங்கள் காத்திருக்கப் போவதில்லை என்பதே அந்தப் பெற்றோரின் முழக்கம். கருவி நிறுவனத்தின் சொந்தத் தொலைப்பகிர்வு வசதிக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015 சனவரியில் அனுமதி தந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பெர்ன்ஸ்டீன் மனைவியின் பெயரில் கருவி வாங்கியதும் இதுவும் ஒரே கதையின் இரண்டு காட்சிகள். இத்துறையில் நோயாளிகளும் பெற்றோரும் மருத்துவர்களை முந்திச் சென்றது இது முதல் முறை அன்று.

2020 மார்ச் 25

இந்தியாவில் தொலைபேசியில் மருந்து சொல்வது சட்டப்படி சரியா என்பது நெடுங்காலம் தெளிவில்லாமல் இருந்தது. நேரில் பார்க்காமல் தொலைபேசி வழியே மருந்து தரச் சொன்னது குறித்த ஒரு வழக்கில் 2018-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் கூறிய கடுமையான கருத்துகளுக்குப் பின் மருத்துவர்களின் அச்சம் கூடியது.

2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. அதே நாளில் தொலைமருத்துவ நெறிமுறைகள் வெளியிடப்பட்டன. மருந்துகள் பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டன. முதல் சந்திப்பு காணொளியில் நடந்தால் எழுதக்கூடியவை ஒரு வகை. நேரில் ஒருமுறை பார்த்த நோயாளிக்கு மட்டும் கூடுதலாகச் சேர்க்கத்தக்கவை இன்னொரு வகை. எவ்வகையிலும் எழுதக் கூடாதவை வேறு. இரண்டாம் வகைக்கு நெறிமுறை தரும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, மெட்ஃபார்மின் எடுத்துவரும் சர்க்கரை நோயாளிக்குச் சிட்டாக்ளிப்டின் சேர்ப்பது. தொலைமருத்துவம் என்றதும் விதி எழுதியோரின் நினைவுக்கு வந்தவருள் ஒருவர் சர்க்கரை நோயாளி என்பது கவனிக்கத்தக்கது.

அடுத்த மாதம் மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவை வீட்டிலிருப்போருக்கும் திறக்கப்பட்டது. முதல் மாதங்களில் இதை மிகுதியாகப் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடு முன்னணியில் நின்றது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' தொலைமருத்துவம் அன்று. ஆனால் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்து, தொலைமருத்துவம் தீர்க்க முடியாத மறுபாதியை அது தொட்டது.

அமெரிக்காவில் வேறு வகைச் சிக்கல். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அங்கு 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டுப்பாட்டு மருந்தாக்கப்பட்டது. விளையாட்டு வீரர்களின் முறைகேட்டைத் தடுப்பதே நோக்கம். கட்டுப்பாட்டு மருந்துகளை நேரில் பார்க்காமல் இணையம் வழி எழுதுவதை 2008-ஆம் ஆண்டு ரயன் ஹைட் சட்டம் தடுத்தது. இதனால் பிட்யூட்டரி கட்டி காரணமாக ஹார்மோன் இழந்தவரும், ஹார்மோன் சிகிச்சை பெறும் திருநம்பியரும் நேரில் வந்தாக வேண்டியிருந்தது. தொற்றுக் காலத்தில் விதி தளர்த்தப்பட்டது. தளர்வு பின்னர் பலமுறை நீட்டிக்கப்பட்டது. தைராய்டு மாத்திரைக்கு இல்லாத தடை இன்னொரு ஹார்மோனுக்கு இருப்பதற்கு மருத்துவக் காரணம் தேடிப் பயனில்லை.

திரைக்கு எட்டாதவை

எண்ணுக்குள் அடங்காத பகுதியும் அகச்சுரப்பி மருத்துவத்தில் உண்டு. கழுத்துக் கட்டியை விரலால் தொட்டு, அது கல் போலிருக்கிறதா, விழுங்கும்போது அசைகிறதா என்று பார்க்க வேண்டும். பிட்யூட்டரி கட்டி பார்வை நரம்பை அழுத்தும்போது பக்கவாட்டுப் பார்வை முதலில் குறையும். நேராகத் திரையைப் பார்த்துப் பேசும் நோயாளியிடம் அது தெரியாது. பருவமடைதல் முந்திய அல்லது பிந்திய குழந்தையின் உடல் வளர்ச்சியைக் கேமரா முன் சோதிப்பது முறையும் அன்று. சர்க்கரை நோயாளியின் பாதத்தில் 10 கிராம் நைலான் இழையை அழுத்தி உணர்ச்சி பார்ப்பதற்கு ஒரு கை வேண்டும். உணர்ச்சியற்ற காலில் முள் குத்தியதை நோயாளி அறியமாட்டார். அறியாததை அவர் தொலைபேசியில் சொல்லவும் மாட்டார்.

அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி 2022-இல் வெளியிட்ட கொள்கைக் குறிப்பு, இன்ன நோய்க்குத் திரை, இன்ன நோய்க்கு நேர் என்று பட்டியல் போடவில்லை. நோயின் தன்மை, நோயாளியின் சூழல், இருவருக்கும் உள்ள உறவு, பேசும் இடம், கிடைக்கும் வசதி ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்க்கச் சொன்னது. முதல் சந்திப்பு நேரிலும், அளவு சரிசெய்யும் தொடர் சந்திப்புகள் தொலைவிலும் என்ற கலப்பு வழக்கம் பல இடங்களில் நிலைத்து வருகிறது.

அட்ரீனல் குறைபாட்டில் இந்த எல்லைக்கோடு இன்னும் கூர்மையானது. இந்நோயாளிக்குக் காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். இதைத் தொலைபேசியில் சொன்னாலே போதும், பல நேரங்களில் உயிர் காக்கும். ஆனால் வாந்தி தொடங்கி மாத்திரை வயிற்றில் தங்காத நிலை வந்துவிட்டால், மருத்துவரின் அழைப்புக்காகக் காத்திருக்கக் கூடாது. வீட்டில் வைத்திருக்கும் 100 மில்லிகிராம் ஊசியைப் போட்டுக்கொண்டு அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும்.